பச்சை என்று எழுதிய நாட்கள்

என் கண்ணு பிரபுவுக்கு அம்மா எழுதுவது.

இதை பஸ்ஸில் வைத்துப் படிக்காதே. ரூமுக்குப் போய், கை கால் கழுவி, எதையாவது வயிற்றுக்குப் போட்டுக்கொண்டு அப்புறம் பிரி. வெறும் வயிற்றில் படித்தால் உனக்குக் கோபம் இரண்டு மடங்காக வரும், அது உன் அப்பா வழி. போனிலேயே சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை பூத்துக்குப் போனேன். முதல் தடவை எனக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள். இரண்டாம் தடவை ஒருத்தருமே இல்லை, அப்போதும் "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். மூன்றாம் தடவை நீயே, "என்னம்மா, என்னமோ சொல்ல வந்த மாதிரி இருக்குதே" என்றாய். "ஒண்ணுமில்லடா, இங்க மழை வர்ற மாதிரி இருக்குது" என்றேன். அன்றைக்கு மரக்காணத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. வாய்க்கு வராததைக் கையாவது எழுதட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் கை போனது. அடித்துவிட்டு இந்தத் தாளை எடுத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரத்துக்கு முந்தின வாரம் நீ இரண்டு செய்திகளை ஒரே மூச்சில் சொன்னாய். கோட்டக்குப்பம் பாய் மூலமாகப் பார்த்த துபாய் கேபிள் வேலை முடிவாகிவிட்டது, அடுத்த மாதம் கிளம்பணும் என்றாய். அப்புறம், இரண்டாம் வருஷத்தில் உனக்குப் பாடம் எடுத்த அந்த மேடம் ஆராய்ச்சிக்கு உனக்கு ஓர் இடம் வைத்துக்கொண்டு, இந்த மாதக் கடைசிக்குள் பதில் கேட்கிறார், வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன் என்றாய். ஏன்டா என்று கேட்டேன். "அது எனக்கு வராதும்மா. நான் போட்ட கணக்கே தப்புன்னு அன்னைக்கே தெரிஞ்சிடுச்சே. தெரியாத வேலைல போய் உக்காந்துகினு எதுக்கு?" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பிரபு, உன் கணக்கு தப்பில்லை. தப்பு செய்தவள் நான். ஒரு வருஷமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்திருக்கிறேன். எப்படி என்று முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

போன வருஷம் மாசி மாதம் நீ அந்த இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தாய். கடல் உள்ளே வந்துபோன அந்த டிசம்பருக்கு அப்புறம் நாங்கள் சேறு வழித்து, வரப்பு கட்டி, அப்போதுதான் பாத்திகளில் மறுபடி தண்ணீர் விட ஆரம்பித்திருந்தோம். கழிமுகத்து ஓரம் இருக்கும் மோட்டார் கொட்டகையில் ஒரு பெட்டி, நாங்கள் உட்கார்ந்து சாப்பிடும் ஆபீஸ் கொட்டகையில் ஒரு பெட்டி, நடுவில் ஒன்றரை கிலோமீட்டர் உப்பளம். கழியில் தண்ணீர் எவ்வளவு ஆழம் இருக்கிறது என்பதை அந்தப் பெட்டி அரை மணிக்கு ஒரு தடவை ரேடியோவில் சொல்லும், இந்தப் பெட்டி கேட்டு எழுதி வைத்துக்கொள்ளும். தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடிக் கெட்டுப்போகாது, உன் அப்பாவும் வெயிலில் நடந்து நடந்து பார்க்க வேண்டாம். முதலாளி கூட, "நம்ம உப்பளத்துப் புள்ள செய்றான், செய்யட்டும்பா" என்று ஆணி அடிக்க விட்டார். கடைசி வருஷப் பரீட்சைக்கு அதுதான் உன் பிராஜெக்ட். நீ ரேடியோவுக்கான கம்பியை நட்டுக்கொண்டிருந்தபோது உடன் வேலை செய்யும் லூர்து அக்கா என்னிடம், "உன் புள்ள என்னடி, மாதா கோயில் கொடிமரம் மாதிரி நட்டுட்டான்" என்று கிண்டல் செய்தாள். எனக்கு இருந்த பெருமையில் அதுவும் இனித்தது.

அன்றைக்கு மத்தியானம் நீ எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் இருக்கிறதே, அது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது என் மண்டையில். காலண்டர் தாளின் பின்பக்கம் மூன்று வரிசையாக ஒன்பது எண்களை எழுதினாய். ஒவ்வொரு வரிசையின் கூட்டலைப் பக்கத்திலும், மேலிருந்து கீழ் கூட்டலை அடியிலும் எழுதினாய். என்னைத் திரும்பிக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓர் எண்ணை மட்டும் மாற்றினாய். "ரேடியோவுல வர்ற வழியில எண்ணு இப்படித்தான் மாறிடும். எது மாறியிருக்குது, கண்டுபுடி பாக்கலாம்" என்றாய். இரண்டாம் வரிசையைக் கூட்டினேன், பன்னிரண்டு வர வேண்டியது பதினான்கு வந்தது. மேலிருந்து கீழே கூட்டிப் பார்த்தால் மூன்றாவதில் பதினேழுக்குப் பத்தொன்பது. இரண்டும் சந்திக்கிற இடத்தில் எட்டு இருந்தது. "இது ஆறுடா" என்றேன். நீ கை தட்டினாய். இருபத்திரண்டு வருஷமாக நான் உன்னைப் பார்த்துக் கை தட்டியிருக்கிறேன், நீ எனக்குக் கை தட்டியது அதுதான் முதல் தடவை.

அப்புறம் நாலைந்து எண்களை மாற்றினாய். என்ன கூட்டியும் பிடிபடவில்லை. "பாத்தியா, ஒரு தப்புன்னா இந்தக் கூட்டல் போதும். தப்பு நிறைய வந்தா இன்னும் நிறைய கூட்டல் சேத்து அனுப்பணும்" என்றாய். "அப்ப எல்லா நாளும் நிறையவே சேத்து அனுப்பிடேன், என்ன கேடு?" என்று கேட்டேன். "நல்லா கேக்குற நாள்ல கூட தொண்டை கிழிய கத்துனா பேட்டரி தாங்குமாம்மா? சொல்ல வேண்டிய சேதி கொஞ்சம், காவலுக்குப் போறது நிறையன்னு ஆயிடும். காத்து நல்லா இருக்குற நாள்ல கொஞ்சமா சேக்கணும். மோசமான நாள்ல நிறைய சேக்கணும். நாளுக்குத் தக்க மாத்திக்கணும், அதான் என் வேலையே" என்றாய். இன்றைக்கு எப்படிப்பட்ட நாள் என்று பேசுகிற பெட்டிக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அதற்கு நீ சொன்னது: "அதுக்குத் தெரியாதும்மா. கேக்குற பெட்டிக்குத்தான் தெரியும். அதுக்குத் திருப்பிச் சொல்ல இன்னொரு ரேடியோ வாங்க வசதியில்ல. நீதான் அதுக்கு வாய்."

அப்படித்தான் நான் உன் பெட்டிக்கு வாயானேன். வேலை ரொம்பச் சுலபம். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும் முன் பெட்டியில் எந்த விளக்கு எரிகிறது என்று பார்க்க வேண்டும். பச்சை என்றால் தப்பு கொஞ்சம், திருத்திக்கொண்டது. மஞ்சள் என்றால் திருத்துவதற்குத் திணறுகிறது. சிவப்பு என்றால் திருத்த முடியவில்லை, சேதி போய்விட்டது. பார்த்ததை நோட்டில் எழுதி, உன் அப்பாவிடம் சொல்ல வேண்டும். அவர் விடியற்காலை மோட்டார் போடப் போகும்போது அந்தப் பெட்டியில் இருக்கும் திருகை ஒன்றிலோ இரண்டிலோ மூன்றிலோ வைப்பார். பச்சைக்கு ஒன்று, மஞ்சளுக்கு இரண்டு, சிவப்புக்கு மூன்று, எண் ஏற ஏறக் கூட்டலும் கூடும். எந்த விளக்கு எரிந்தது என்பதைப் பெட்டி தனக்குள் எழுதி வைக்காது, என் நோட்டுதான் அதற்குச் சாட்சி. இதையெல்லாம் நீ இரண்டு தடவை சொல்லி, என்னைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டுதான் சென்னைக்கு பஸ் ஏறினாய். எனக்குப் புரியவில்லை என்று நான் சொல்ல முடியாது.

பத்து நாள் பச்சையும் மஞ்சளுமாக ஓடியது. ஒவ்வொன்றையும் உள்ளபடி எழுதினேன். பதினோராம் நாள் சிவப்பு எரிந்தது. பூத்துக்கு ஓடி உனக்குச் சொன்னேன். நீ, "ஓ" என்றாய். "சரிம்மா" என்று வைத்துவிட்டாய். மறுநாள் காலை பத்து மணிக்கு உப்பளத்து வரப்பில் நீ நடந்து வருகிறாய். சென்னையிலிருந்து நின்றுகொண்டே வந்திருக்கிறாய், தலை கலைந்து, முகம் வற்றி, அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வேன். இரண்டு நாள் வெறுந்தலையோடு வெயிலில் நின்று கம்பியைக் கழற்றினாய், மாட்டினாய். மூன்றாம் நாள் காய்ச்சல். கஞ்சியைக் கொடுத்தால் "வாய் கசக்குதும்மா" என்று திருப்பிக் கொடுத்தாய். சிவப்பு என்று நான் ஒரு வார்த்தை சொன்னதற்கு என் பிள்ளை இப்படி ஆகிவிட்டானே என்றுதான் எனக்குத் தோன்றியது. நீ காய்ச்சலோடு பஸ் ஏறிய பிறகு நான் வரப்பில் உட்கார்ந்து அழுதேன். உனக்கு இது தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்குச் சிவப்பு என்றால் என்ன தெரியுமா? பள்ளிக்கூடத்தில் ஃபெயில் ஆனால் மார்க் ஷீட்டில் சிவப்பு மையில் அடிக்கோடு போடுவார்களே, அது. கணக்கில் எனக்கு அந்தக் கோடு விழுந்த அன்றுதான் என் படிப்பு நின்றது. பத்தாவது வரை படித்தேன் என்று எல்லாரிடமும் சொல்கிறேன், தேறினேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை, கவனித்திருக்கிறாயா? நீ எவ்வளவுதான் விளக்கியிருந்தாலும், அந்த விளக்கு சிவப்பாக எரிந்தால் என் கண்ணுக்கு அது உனக்கு வாத்தியார் போட்ட மார்க்காகத்தான் தெரிந்தது. பங்குனி முதல் வாரத்தில் மறுபடி சிவப்பு எரிந்தது. லூர்து அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ, செவப்பா எரியுதேடி, புள்ள பாஸ் ஆயிடுவானா?" என்றாள். அவள் நல்ல மனசோடுதான் கேட்டாள். நான் நோட்டை எடுத்து, தேதி போட்டு, பச்சை என்று எழுதினேன். உனக்குத் திருஷ்டி கழித்த மாதிரி ஒரு நிம்மதி கூட வந்தது.

அதற்கப்புறம் என்ன எரிந்தாலும் பச்சைதான். உன் அப்பாவிடமும், "ஒண்ணுலயே வைய்யா" என்றேன். அந்த மனுஷனுக்குச் சந்தேகம் வந்தது. ஒருநாள் அவரே பெட்டியைப் பார்த்திருக்கிறார். "ஏம்மே, நேத்து செவப்பு எரிஞ்ச மாதிரி இருந்துச்சே, நீ ஒண்ணுன்ற?" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உப்பப் பாத்துப் பாத்து உனக்குக் கண்ணு கூசிப்போச்சுய்யா. எல்லாம் செவப்பாதான் தெரியும்" என்றேன். அவர் கண்ணைத் தேய்த்துக்கொண்டு போனார். முப்பது வருஷமாக வெள்ளை உப்பில் வெயில் பட்டுத் தெறிப்பதைப் பார்த்துப் பழுதான கண், அது அன்றைக்குச் சரியாகத்தான் பார்த்தது. உனக்குச் செய்ததை விட அவருக்குச் செய்தது பெரிய பாவமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

சித்திரையில் உன் பரீட்சை. சாயங்காலம் பூத்துக்கு வரச் சொல்லியிருந்தாய், வந்தேன். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை மாறாது. "பாஸ் போட்டுட்டாங்கம்மா, ஒப்புக்கு. வெளிலேருந்து பரீட்சை வைக்க வந்தவரு கேட்டாரு, நோட்டுல பச்சைன்னு இருக்குற நாள்லதான் பெட்டில குப்பை குப்பையா வந்திருக்குது, இது எப்படின்னு. நாள் நல்லா இருக்குதா மோசமா இருக்குதான்னே உன் பெட்டிக்குத் தெரியல, அப்புறம் அதுக்குத் தக்க மாத்துறதுன்னா என்ன அர்த்தம்னாரு. நோட்டு எழுதினதுல தப்பு இருக்கலாமான்னும் கேட்டாரு. நான் இல்ல சார்னு சொல்லிட்டேன். அது எங்க அம்மா எழுதினது சார், அதுல தப்பு இருக்காது, நான் போட்ட கணக்குதான் தப்பா இருக்கும்னுட்டேன்." இதைச் சொல்லிவிட்டு நீ என்னைச் சமாதானம் செய்தாய், "நீ கவலப்படாத, நீ நல்லாதான் எழுதியிருந்த" என்று. அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றுகொண்டு, அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். பெட்டிக்கு வாய் என்று என்னை வைத்தாயே, அந்த வாய் "சாப்பிட்டியாடா" என்று கேட்டது.

ஏன் சொல்லவில்லை என்று யோசித்துப் பார்த்தால், நம் வீட்டில் இது அன்றைக்குப் புதிதாக வந்ததில்லை. நீ காலேஜ் சேர்ந்த முதல் வருஷம், அப்பா கால் வெடிப்பில் உப்புத் தண்ணீர் ஏறிப் புண் புரையோடி, பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்தார். நீ போன் பண்ணும்போதெல்லாம், "அப்பா வேலைக்குப் போயிருக்காருடா, எல்லாம் நல்லா இருக்குறோம்" என்றேன். பொங்கலுக்கு வந்து அவர் காலைப் பார்த்தாய். ஒன்றும் கேட்கவில்லை. அதே வருஷம் உனக்கு மஞ்சள் காமாலை வந்து மூன்று வாரம் நண்பன் வீட்டில் படுத்திருந்தாய், என்னிடம் "ஹாஸ்டல் சாப்பாடு சூப்பர்மா, வெயிட் போட்டுட்டேன்" என்றாய். எனக்கும் அது ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, நானும் கேட்கவில்லை. பாசத்தால்தான் செய்தோம். ஆனால் யோசித்துப் பார். அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று தெரிந்திருந்தால் நீ ஒருநாள் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய், அவருக்கு அது மருந்தாக இருந்திருக்கும். உனக்குக் காமாலை என்று தெரிந்திருந்தால் நான் கீழாநெல்லி அரைத்து எடுத்துக்கொண்டு ஓடி வந்திருப்பேன். நல்லா இருக்கிறோம் என்று சொன்ன பிறகு, நல்லா இருப்பவர்களுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் மற்றவர் தருவார். அதில் அவர் குற்றம் ஒன்றுமில்லை. உன் பெட்டியை வைத்துத்தான் இதை நான் புரிந்துகொண்டேன். ரொம்ப லேட்டாக.

இப்போது உன் காரியத்துக்கு உதவுகிற ஒன்றைச் சொல்கிறேன், கவனமாகப் படி. நான் நோட்டில் பொய் எழுதினேனே தவிர, கண்ணை மூடிக்கொள்ளவில்லை. சிவப்பு எப்போது எரிகிறது என்பதை என்னை விட நன்றாகப் பார்த்தவர் யாரும் இல்லை, ஏனென்றால் அதற்குப் பயந்து பயந்து பார்த்தவள் நான். உப்பு வாரி எடுத்துவிட்டுப் பாத்திகள் காய்ந்து கிடந்த நாட்களில் அது எரியவே இல்லை. புதுத் தண்ணீர் விட்டுப் பாத்திகள் எல்லாம் கண்ணாடி மாதிரி நிறைந்து நின்ற அன்றும் மறுநாளும் எரிந்தது. உப்பு பூக்கப் பூக்க மஞ்சளாகி, வாரும் சமயத்தில் பச்சைக்கு வந்துவிடும். ஒரே நாளிலும் காலையில் பச்சையாக இருப்பது மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று எழுந்ததும் மாறும். ஏன் அப்படி என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கும், நான் சொல்லியிருந்தால். எந்தப் பாத்திக்கு என்றைக்குத் தண்ணீர் விட்டோம் என்று அப்பாவையும் கேட்டு, நாள் வாரியாக இன்னொரு தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். எனக்கு உறுதியாகத் தெரிந்த நாளுக்குப் பக்கத்தில் உறுதி என்று போட்டிருக்கிறேன். மறந்த நாளுக்கு மறந்துவிட்டேன் என்றே எழுதியிருக்கிறேன். அந்த மேடத்திடம் காட்டு. நோட்டு எழுதியவள் பொய் எழுதினாள், பெட்டி சரியாகத்தான் சொன்னது என்று சொல். என் பேரையும் சொல்லிக்கொள், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

அப்பாவிடம் போன ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். அந்த மனுஷன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை, குழம்பில் உப்பு இல்லாத அன்றும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். மூன்றாம் நாள் காலை டீ குடித்துக்கொண்டே, "என் கண்ணை ஏம்மே பொய்யாக்குன?" என்று மட்டும் கேட்டார். நான் அவர் காலடியில் உட்கார்ந்தேன். டீ டம்ளரை என்னிடம் நீட்டி, "புள்ளைக்கு எழுது. போன்ல சொன்னா நீ மழை வருதுன்னுடுவ" என்றார். நான் பூத்தில் சொன்னது அவர் காது வரைக்கும் போயிருக்கிறது. அதனால் இதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அவருக்கு வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. நீ சந்தோஷமாக விமானம் ஏற வேண்டும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தோம். எனக்கு முட்டி வலி, குனிந்து உப்பு வார முடியவில்லை, நாலு நாளைக்கு ஒரு நாள் வேலைக்குப் போவதில்லை. இவ்வளவுதான். இதற்கு மேல் எதுவும் மறைவாக இல்லை.

துபாய்க்குப் போகாதே என்று சொல்வதற்காக இதையெல்லாம் எழுதவில்லை. கோட்டக்குப்பத்தில் வீட்டுக்கு ஒருத்தர் அங்கே போய்க் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். நீ கேபிள் வேலையைப் பிடித்துப் போனால் தலை நிமிர்ந்து போ, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானே பெட்டி தூக்குகிறேன். ஆனால் உனக்கு அறிவு போதாது என்று நினைத்துக்கொண்டு போகாதே. அதை உனக்கு யாரும் நிரூபிக்கவில்லை, நான் எழுதிய பொய்தான் அப்படிச் சொன்னது. எந்தப் பக்கம் போனாலும் ஒன்று மட்டும் நினைவில் வை. நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வருவாள், பிள்ளைகள் வரும், உனக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் வருவார்கள். "நீ சொன்னது எனக்குப் புரியல, இது சரியா வரல" என்று அவர்களில் ஒருத்தர் வந்து சொன்னால், அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு வாய் தண்ணீர் கொடு. சில நாள் ஒரு வார்த்தை போதும், சில நாள் அதே வார்த்தையை நாலு விதமாகச் சொல்ல வேண்டியிருக்கும். எந்த நாள் எது என்பதை, கேட்கிறவரால்தான் உனக்குச் சொல்ல முடியும், அவர் வாயை அடைத்துவிடாதே. அன்றைக்கு வரப்பில் வாடிப்போய் வந்த உன் முகத்தைப் பார்த்துத்தான் நான் பயந்தேன். அது உன் குற்றமில்லை, வாடின முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லாமல் போனதுதான் குற்றம். ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், இதை மட்டும் அம்மாவுக்காகச் செய். இதைப் படித்து முடித்ததும் எனக்குப் போன் பண்ணாதே. பண்ணினால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். குரலைச் சிரிப்பாக வைத்துக்கொண்டு, "பரவால்லம்மா, விடு, அதனால என்ன" என்பாய். ஒரு வருஷம் உன்னை நீயே முட்டாள் என்று நினைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாய், அது பரவாயில்லாத காரியம் இல்லை. நீ பரவாயில்லை என்றால் நானும் நிம்மதியாகப் படுத்துத் தூங்கிவிடுவேன், உன் கோபம் உன்னோடேயே விமானம் ஏறிப் போய்விடும், திரும்பி வரும்போது நீ வேறு யாரோவாக வருவாய். எனக்கு அது வேண்டாம். மேடத்துக்குப் பதில் சொல்ல இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அதற்குள் ஒருநாள் பஸ் ஏறி வா. அப்பா வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து வா. உனக்கு என் மேல் எவ்வளவு கோபமோ அவ்வளவையும் என் முகத்துக்கு நேராகச் சொல். நான் அழுவேன். அழுதாலும் நிறுத்தாதே.

உன் அம்மா